உழுதவர் கணக்கில் ஏறாத பணம்: உழவர் மானியமும் நிலமற்ற தலித்துகளும்



வெண்மணி நினைவாகக் கூடியிருக்கும் இந்த அரங்கில் உழவர் மானியம் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரும் வயலில் உழைத்துப் பிழைத்த தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நட்டது, களை பறித்தது, அறுத்தது, போரடித்தது எல்லாம் அந்தக் குடும்பங்கள்தாம். நிலம் மட்டும் அவர்கள் பேரில் இல்லை. அதே நிலமற்ற உழைப்பாளிகளாக அவர்கள் இன்று இருந்தால், விவசாயிக்கு என்று அரசு அனுப்பும் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவர்கள் வங்கிக் கணக்கில் ஏறாது. ஏன் ஏறாது, அதற்கு எந்த விதி காரணம், அந்த விதியை நாம் எங்கே பிடித்து அசைக்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மானியம் உழைப்பைப் பார்த்து வருவதில்லை, பட்டாவைப் பார்த்து வருகிறது. பட்டா பரம்பரை வழியாக வருகிறது. நம் நாட்டில் பரம்பரை என்பது சாதி. ஆகவே எந்தச் சாதியின் பெயரையும் சொல்லாத ஒரு விதி, சாதி பார்த்தே பணம் பங்கிடுகிறது.

பட்டியலில் பெயர் ஏற என்ன வேண்டும்?

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால நிதிநிலை அறிக்கையில் இது அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 24ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணைகளாக நேரே வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். சில மாதங்களிலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டு, நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் விரித்தார்கள். வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியரில் பெரும்பாலோர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு விலக்கு உண்டு. 2025 நவம்பர் வரை 21 தவணைகள் வந்திருக்கின்றன. தொடக்கம் முதல் வாங்கிவரும் ஒரு குடும்பத்துக்கு அதுவரை 42,000 ரூபாய். நாடு முழுவதும் 9 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாங்குகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கோடி ரூபாய் இதற்குப் போகிறது.

தகுதிக்கு ஒரே அளவுகோல் நிலவுடைமை. குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிர் செய்கிறவருக்கு, தன் பேரில் நிலம் இல்லையென்றால், இதில் இடமில்லை. கூலிக்கு வேலை செய்கிறவருக்கும் இல்லை. நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டுப் பட்டணத்தில் குடியிருக்கும் பட்டாதாரர், விலக்குப் பட்டியலில் வராதவராக இருந்தால், வாங்கலாம். அவர் நிலத்தில் இறங்கி உழுகிறவர் வாங்க முடியாது.

இதன் அளவைப் புரிந்துகொள்ள 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சாகுபடியாளர் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 42 இலட்சம் பேர். விவசாயக் கூலிகள் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 96 இலட்சம் பேர். வயலில் நிற்கும் பத்துப் பேரில் ஏழு பேர் கூலிகள். அந்த ஏழு பேரையும் வெளியே நிறுத்திவிட்டு அந்தத் திட்டத்துக்கு உழவர் நலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சாதிவாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. அவர்கள் கையில் இருக்கும் சாகுபடி நிலப்பரப்போ, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 9 விழுக்காட்டுக்கும் குறைவு. உழைக்கும் பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் விவசாயக் கூலிகள். விதியில் சாதி எழுதப்படவில்லை என்பது உண்மைதான். விதி எதைக் கேட்கிறதோ, அந்தப் பட்டாவில் சாதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு திட்டத்தோடு முடிவதில்லை

6,000 ரூபாய் பெரிய தொகையில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் மற்ற உதவிகளும் இதே வாசல் வழியாகத்தான் போகின்றன.

தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். 1984இல் சிறு விவசாயிகளுக்கு என்று தொடங்கி, 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் என்று ஆனது. இன்று ஏறத்தாழ 23 இலட்சம் இணைப்புகள் உள்ளன. இந்த மானியம் வேண்டுமென்றால் நிலம் வேண்டும், நிலத்தில் கிணறு வேண்டும், கிணற்றில் மோட்டார் வேண்டும். விராலிமலை வட்டாரம் போன்ற வானம் பார்த்த பூமியில் கிணறு வெட்டவும் போர் போடவும் முதல் இருந்தவர் யார் என்று கேட்டால், இலவச மின்சாரம் யாருக்குப் போகிறது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

கூட்டுறவுக் கடனைப் பார்ப்போம். பயிர்க்கடன் வாங்க சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 இலட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. நல்லதுதான். ஆனால் பட்டா இல்லாமல் வாரத்துக்கு எடுத்து உழுதவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியிருக்க முடியாது. கைமாற்றும் கந்துவட்டியும் நுண்கடனும்தான் அவருக்கு வழி. அந்தக் கடன்களை எந்த அரசும் தள்ளுபடி செய்வதில்லை. முதலில் கடன் வாங்கும் தகுதி இல்லை, பிறகு தள்ளுபடி பெறும் தகுதியும் இல்லை.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு. அதற்குச் சிறு, குறு விவசாயி என்று வட்டாட்சியர் சான்று தர வேண்டும். சிட்டா இல்லாமல் அந்தச் சான்று கிடைக்காது. பயிர்க் காப்பீட்டுக்கும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும், வெள்ள நிவாரணத்துக்கும் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல்தான் ஆதாரம். உர மானியம் மட்டும் விலைக்குறைப்பாக வருவதால், மூட்டை வாங்குகிற யாருக்கும் கிடைக்கிறது. பட்டா கேட்காத மானியம் குத்தகைதாரரையும் சேர்கிறது என்பதற்கு இது ஒன்றே சான்று.

“கூலிகளுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது, ஊரக வேலைத் திட்டம் இருக்கிறது, உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் கல்வி உதவியும் ஓய்வூதியமும் இருக்கிறதே” என்று கேட்பார்கள். இருக்கிறது, அவை போராடிப் பெற்றவை. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். பட்டாதாரருக்குப் போவது தொழிலுக்கான முதல். அதை வைத்து அவர் கிணறு ஆழப்படுத்துவார், இயந்திரம் வாங்குவார், பக்கத்து நிலத்தையும் வாங்குவார். கூலிக்காரருக்குப் போவது அடுத்த வாரம்வரை உயிர் தாங்க ஒரு கைப்பிடி. இப்படியே ஒரு தலைமுறை போனால் இரண்டு பேருக்கும் இடையிலான தூரம் கூடும்.

வாங்கியவருக்கு இல்லை, வாரிசுக்கு உண்டு

கிசான் திட்டத்தின் நெறிமுறையில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதற்கான கணக்கு நாள் 2019 பிப்ரவரி 1. அதன் பிறகு அடுத்த ஐந்தாண்டுகளில் நடக்கும் உடைமை மாற்றங்கள் தகுதிக்குக் கருதப்படமாட்டா. ஒரு விதிவிலக்கு: உடைமையாளர் இறந்து வாரிசுக்கு நிலம் வந்தால் வாரிசு தகுதி பெறுவார்.

இதை நம் தெருவில் வைத்துப் பார்ப்போம். ஒரு தலித் பெண் இருபது ஆண்டுகள் கூலி வேலை செய்து, சீட்டுப் போட்டு, கடன் வாங்கி, 2020இல் அரை ஏக்கர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த விதிப்படி அவருக்குத் தகுதியில்லை. அதே ஆண்டில் அப்பா இறந்து ஐந்து ஏக்கர் பெற்ற மகனுக்குத் தகுதி உண்டு. தன் உழைப்பால் முதல்முறை நிலம் வாங்கியவரை இந்த விதி சந்தேகிக்கிறது; பிறப்பால் நிலம் பெற்றவரை வரவேற்கிறது. போலிப் பதிவைத் தடுக்கத்தான் இப்படி வைத்தார்கள் என்பது அரசின் நியாயம். அந்த நியாயத்தின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதுதான் நம் கேள்வி.

தமிழக அரசு 2023இல் தாட்கோ வழியாக நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் தொழிலாளர்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 இலட்சம் ரூபாய் மானியம் தருகிறது. சரியான திசையில் வைத்த அடி இது. ஆனால் ஒரு கை நிலம் வாங்கிக் கொடுக்க, இன்னொரு கை “2019க்குப் பிறகு வாங்கியவர் நீ” என்று தள்ளிவைக்கும் நிலை இருந்தால், இரண்டு அரசுகளையும் ஒரே மேசைக்கு இழுத்துக் கேட்க வேண்டியது நம் வேலை.

புதுக்கோட்டையில் நிலம் எப்படிப் பிரிந்தது?

பஞ்சமி நிலம் பற்றி இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

ஆனால் ஆவூர்க்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1892இல் இந்த ஊர் சென்னை மாகாணத்தில் இல்லை, தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. மாகாண அரசின் ஆணை இங்கே செல்லாது. 1948 மார்ச் 3 அன்றுதான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14 அன்றுதான் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. எனவே செங்கல்பட்டில் தேடுவதுபோல் இங்கே பஞ்சமி நிலப் பதிவேட்டைத் தேடினால் கிடைக்காது.

இங்கே நிலத்தின் பெரும்பகுதி இனாமாகப் பிரிந்தது. படைவீரர்கள், அரண்மனைச் சேவகர்கள், கோயில்கள், பிராமணர்கள், கிராம ஊழியர்கள் என்று சமஸ்தானத்தில் யாருக்கு என்ன தகுதியோ அதன்படி மானியம் கொடுக்கப்பட்டது. மானியம் என்ற சொல்லே அப்போது நிலத்தைக் குறித்தது. இன்று பணத்தைக் குறிக்கிறது. 1888இல் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் இனாம் நிலங்களுக்குத் தீர்வை நிர்ணயித்து உடைமையை உறுதிப்படுத்தினார்கள். சாதிப் படிநிலைப்படி கொடுத்தது அப்படியே உடைமைப் படிநிலையானது. அன்றைய மானியம் பட்டாவானது. இன்றைய மானியம் அந்தப் பட்டாவைத் தேடி வருகிறது.

பிறகு 1979 முதல் 1987 வரை நில ஆவணங்களைப் புதுப்பித்தார்கள். யுடிஆர் என்று எல்லோரும் சொல்லும் வேலை அது. அப்போது நேர்ந்த பெயர்ப் பிழையும் பரப்பளவுப் பிழையும் இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களில் மனுவாக நிற்கின்றன. அலுவலரோடு பழக்கம் இருந்தவர் அப்போதே திருத்திக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவரின் நிலம் பாட்டன் பேரிலேயே நிற்கிறது. அல்லது கூட்டுப் பட்டாவில் பதினைந்து பெயரில் ஒன்றாக நிற்கிறது. அல்லது புறம்போக்கு என்று எழுதப்பட்டு ஆண்டுக்கு ஒரு பி மெமோ வாங்குகிறது. சேரியில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் உள்ள குடும்பமும் மானியப் பட்டியலில் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆவூரில் இன்னொரு முடிச்சு

ஆவூர் பழைய மறைப்பணித் தலம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இயேசு சபையினர் இங்கே கோயில் எழுப்பினார்கள். தலித் கிறிஸ்தவர்கள் வாழும் இதுபோன்ற பகுதிகளில் மானியக் கணக்கு இன்னும் ஒரு படி சிக்கலாகிறது.

வேளாண் இயந்திரம் வாங்கப் பொதுவாக 40 விழுக்காடு மானியம். சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 50 விழுக்காடு. ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு இதற்கு மேல் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. உச்சவரம்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு இலட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு 70,000 வரை வரும்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாகக் கணக்கிட்டது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. ஆகவே தலித் கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஒரே தெருவில், ஒரே அளவு நிலத்தில், அண்ணன் இந்துவாகவும் தம்பி கிறிஸ்தவராகவும் இருந்தால், அண்ணனுக்கு 70, தம்பிக்கு 50. ஊர்க்காரர் கண்ணில் இருவரும் சேரிக்காரர்கள்தாம். தேநீர்க்கடையிலும் சுடுகாட்டிலும் வேறுபாடு இல்லை. மானியப் படிவத்தில் மட்டும் வேறுபாடு. இதை ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.

2020 முறைகேடு கற்றுத்தந்தது

2020 ஆகஸ்டில் தமிழகத்தில் கிசான் திட்ட முறைகேடு வெளிவந்தது. ஊரடங்குக் காலத்தில் இணையப் பதிவு எளிதாக்கப்பட்டது. அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி, தரகர்கள் வழியாக, ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போனது. சிபிசிஐடி விசாரித்தது, பலர் கைதானார்கள். வாங்கியவர்களிடமிருந்து பணம் திரும்பப் பெறப்பட்டது.

திருட்டைத் திருட்டு என்றே சொல்ல வேண்டும். தரகர் கமிஷன் வாங்கியது ஏழைகளிடம்தான். ஆனால் ‘போலி விவசாயி’ என்று அப்போது நாளிதழ்கள் எழுதிய சொல்லை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் திட்டத்தில் தகுதியற்றவர் என்பதில் பட்டா இல்லாதவரும் அடக்கம். நிலத்தில் காலே வைக்காத ஆளும், நாள் முழுக்க நாற்று நடும் ஆளும் சட்டத்தின் முன் ஒரே போலிகள். முறைகேட்டுக்கு மருந்தாக ஆவணச் சோதனை இன்னும் இறுகியது. ஆவணம் யாரிடம் குறைவோ அவரே முதலில் கழிக்கப்பட்டார்.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் அரசின் பண்ணைக் கடனும் உதவியும் மாவட்ட அளவிலான குழுக்கள் வழியாக வழங்கப்பட்டன. தெற்கு மாநிலங்களில் அந்தக் குழுக்கள் வெள்ளையர் கையில் இருந்தன. கறுப்பின விவசாயியின் மனு கிடப்பில் கிடக்கும். விதைப்புக்காலம் முடிந்தபின் கடன் வரும். 1920இல் ஒன்பது இலட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பின விவசாயிகள் 1990களில் இருபதாயிரத்துக்கும் கீழே போனார்கள். வட கரோலினாவின் திமோதி பிக்ஃபோர்டு முதலானோர் வேளாண் துறைமீது வழக்குத் தொடுத்து, 1999இல் தீர்வு பெற்றார்கள். நூறு கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு வந்தது. 2010இல் இரண்டாவது தீர்வில் 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

நமக்கு நேராகப் பயன்படும் ஒரு செய்தியும் அங்கே உண்டு. உயில் எழுதாமல் இறந்த பாட்டனின் பேரிலேயே நிற்கும் நிலம் அங்கும் கறுப்பினக் குடும்பங்களிடம் அதிகம். தெளிவான பத்திரம் இல்லையென்று அரசு உதவி மறுக்கப்பட்டது. 2018 பண்ணைச் சட்டம் அந்த நிலத்தில் பயிர் செய்வோர் மாற்று ஆவணங்கள் காட்ட வழி செய்தது. பத்திரம் இல்லாவிட்டாலும் சாகுபடியை நிரூபிக்கலாம் என்பதுதான் இதில் நமக்கான பாடம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஒடிசா 2018 இறுதியில் அறிவித்த காலியா திட்டத்தில் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கு ஆடு, கோழி, காளான் வளர்ப்பு போன்ற தொழில்களுக்கு 12,500 ரூபாய் வைத்தது. ஆந்திரம் 2019இல் ரைத்து பரோசாவில் நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரருக்கு 13,500 ரூபாயைத் தன் கையிலிருந்தே தந்தது. குத்தகைதாரருக்கு 11 மாத அட்டை தரவும் சட்டம் போட்டது. தெலங்கானாவின் ரைத்து பந்து 2018இல் குத்தகைதாரரை விட்டுவிட்டது. அதே மாநிலம் 2025இல் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் அறிவித்தது. சத்தீஸ்கரும் நிலமற்ற கூலிகளுக்கு நேரடித் தொகை கொடுத்தது. செய்ய முடியாது என்று எந்த அரசும் சொல்ல இயலாது.

நாம் செய்யக்கூடியவை

முதல் வேலை கணக்கெடுப்பு. கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், கிராமம் என்று தேர்ந்தால் ஊர்வாரிப் பயனாளிப் பட்டியல் வரும். விராலிமலை ஒன்றியத்தின் எந்த ஊருக்கும் மாணவர்கள் இதை எடுக்கலாம். எத்தனை குடும்பம் வாங்குகிறது, அதில் சேரிக் குடும்பம் எத்தனை, சேரியில் மொத்தக் குடும்பம் எத்தனை, குத்தகைக்கு உழுவோர் எத்தனை என்று நான்கு எண்களை எழுதுங்கள். தனிமனிதர் பெயரை வெளியிட வேண்டாம், எண்கள் போதும்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒன்றியத்தின் உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகத்துக்கு 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். திட்டவாரியாக, ஆண்டுவாரியாக, பட்டியல் சாதிப் பயனாளிகள் எத்தனை பேர், தொகை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, பட்டா. பாட்டன் பேரில் நிற்பதை வாரிசுகள் பேருக்கு மாற்ற, கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்ய, யுடிஆர் பிழையைத் திருத்த ஊருக்கு ஊர் மனு முகாம் வைப்போம். மாற்றும்போது மகள்களின் பெயரும் மனைவியின் பெயரும் விடுபடக் கூடாது. சேரிக்குள்ளேயே ஆண் பேருக்கு மட்டும் பட்டா போனால், நாம் எதிர்க்கும் விதியை நாமே வீட்டுக்குள் எழுதியவர்களாவோம்.

நான்காவது, குத்தகைப் பதிவு. 1955ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பதியப் போனால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதனால் தனி ஆளாகப் போகாமல் ஊராகச் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, இந்த எண்களை வைத்துக் கிராமசபையில் தீர்மானம். நிலமற்ற வேளாண் தொழிலாளர்களையும் குத்தகைதாரர்களையும் உழவர் என்று ஏற்று நேரடித் தொகை தர வேண்டும், 2019 கணக்கு நாளை நீக்க வேண்டும், தலித் கிறிஸ்தவர்களுக்கும் அந்த 20 விழுக்காடு கிடைக்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள் போதும். மே 1 அன்று தொழிலாளர் நாளிலும் கிராமசபை கூடுகிறது. அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

1947இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கென எழுதிய அறிக்கையில், வேளாண் நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பாராமல் ஊர் மக்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும், நிலக்கிழாரும் குத்தகைதாரரும் நிலமற்ற கூலியும் இல்லாத வேளாண்மை வேண்டும் என்று முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை. நிலத்தைப் பங்கிடாத அரசு, நிலத்துக்கான பணத்தையாவது உழைப்பவருக்குப் பங்கிட வேண்டும் என்று இன்று நாம் கேட்கிறோம். வெண்மணியில் கேட்டது கூடுதலாகக் கொஞ்சம் நெல். நாம் கேட்பதும் விளைச்சலில் உழைப்புக்கு உரிய பங்கைத்தான்.